வந்தால் எவ்வளவு கிடைக்கும்?

சென்ற இதழில் போக்கரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி நிறையப் பேரைச் சீண்டிவிட்டது. "நோ-லிமிட் ஆட்டத்தில் அரைகுறைக் கையை வைத்துக்கொண்டு ரெய்ஸுக்குப் பணம் கட்டுகிறவர்கள், பெரும்பாலும் எதிராளியின் வீட்டு வாடகையைக் கட்டுகிறார்கள்" என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி வசவு, பாதி சந்தேகம். வசவுக்குப் பதில் கிடையாது. சந்தேகங்களுக்காக இந்த இதழ் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. நாம் பேசுவது டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் ஆட்டம். கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்று திறப்பது ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒருவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது கால், கூட்டிக் கட்டுவது ரெய்ஸ், இருப்பதை மொத்தமாகத் தள்ளுவது ஆல்-இன், கட்டாமல் விலகுவது கையைக் கீழே போடுவது. நோ-லிமிட் என்றால் கட்டும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரே ஜாதியில் ஐந்து சேர்ந்தால் ஃப்ளஷ், வரிசையாக ஐந்து எண் சேர்ந்தால் ஸ்ட்ரெய்ட். இன்னும் முழுமையாகாமல் ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும் கைக்கு டிரா என்று பெயர். ஒரே ஜாதியில் நான்கு வைத்துக்கொண்டு ஐந்தாவதுக்குக் காத்திருந்தால் ஃப்ளஷ் டிரா. 6, 7, 8, 9 வைத்துக்கொண்டு 5 அல்லது 10 வரக் காத்திருந்தால் இருபக்க ஸ்ட்ரெய்ட் டிரா. நடுவில் விட்டுப்போன ஒரே எண்ணுக்குக் காத்திருந்தால் கட்ஷாட். என்னைப் பற்றி: லாஸ் வேகாஸில் போக்கர் மேஜையில் டீலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டீலருக்குக் கண் உண்டு, வாய் கிடையாது. ஆட்டம் நடக்கும்போது யார் கையைப் பற்றியும் மூச்சுவிடக் கூடாது. அப்போது அடக்கி வைத்ததெல்லாம் இப்போது இந்தப் பக்கங்களில் வருகிறது.

கேள்வி: ஒன்றுக்கு மூன்று டாலர் பிளைண்ட் மேஜை (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகக் கட்டும் பணம், சிறியது 1, பெரியது 3). என்னிடமும் அவரிடமும் 300 டாலர். முன்வரிசையில், அதாவது முதலில் பேசும் இடத்தில், இருந்தவர் 15க்கு ரெய்ஸ் செய்தார். பட்டனில் (ஃப்ளாப் முதல் கடைசியில் பேசும் இடம்) எனக்கு இஸ்பேட் 8, இஸ்பேட் 7. நான் மட்டும் கால் செய்தேன். ஃப்ளாப்பில் இஸ்பேட் ராஜா, டைமன் 9, இஸ்பேட் 2. அவர் 30 கட்டினார். ஃப்ளஷ் வர 35 சதவீத வாய்ப்பு என்று படித்திருக்கிறேன், அதனால் கால். டர்னில் ஆர்ட்டின் 4. அவர் 80 கட்டினார். மறுபடி கால். ரிவரிலும் வரவில்லை. கணக்கைச் சரியாகத்தானே போட்டேன்? வெறும் துரதிர்ஷ்டமா?
(டொராண்டோ வாசகர்)

பதில்: நீங்கள் படித்த 35 சதவீதம் உண்மைதான். ஆனால் அது டர்ன், ரிவர் இரண்டு சீட்டையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. ஃப்ளாப்பில் நீங்கள் கொடுத்த 30 டாலருக்கு ஒரு சீட்டுதான் கிடைத்தது. இரண்டாவது சீட்டைப் பார்க்க அவர் 80 கேட்டார், நீங்களும் கொடுத்தீர்கள். இரண்டு சீட்டுக்கான வாய்ப்பை எடுத்துக்கொண்டு ஒரு சீட்டுக்கான விலையோடு ஒப்பிட்டதுதான் தப்பு. நான் சீட்டுப் போட்ட மேஜைகளில் தினமும் பார்த்த தப்பு இது.

இப்போது மெதுவாகப் போடுவோம். நீங்கள் பார்த்திருப்பது ஐந்து சீட்டு, பார்க்காதது 47. அதில் உங்களுக்கு வேண்டிய இஸ்பேட் 9. அதாவது டர்னில் வர 19 சதவீதம். ஃப்ளாப் வரும்போது நடுவில் இருந்த பணம் 34 (உங்கள் 15, அவர் 15, இரண்டு பிளைண்டும் சேர்ந்து 4). அவர் கட்டிய 30ஐச் சேர்த்தால் 64. அந்த 64ஐப் பிடிக்க நீங்கள் 30 போட வேண்டும். இது சமமாக முடிய 94க்கு 30, அதாவது 32 சதவீதம் தேவை. உங்களிடம் இருப்பது 19. பெரிய பள்ளம்.

சரி, அப்படியானால் ஃப்ளாப்பிலேயே தூக்கிப் போட்டிருக்க வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். இஸ்பேட் வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியப்போவதில்லை. அவர் இன்னும் பணம் கட்டுவார். எவ்வளவு கட்டினால் உங்கள் பள்ளம் நிரம்பும்? 47 தடவையில் 38 தடவை 30 டாலர் போகும், 9 தடவை வரும். வரும் ஒவ்வொரு தடவையும் மொத்தம் சுமார் 127 டாலர் கிடைக்க வேண்டும். அதில் 64 ஏற்கெனவே நடுவில் கிடக்கிறது. பாக்கி 63ஐ டர்னிலும் ரிவரிலும் அவரிடமிருந்து வாங்க வேண்டும். அவருக்குப் பின்னால் இன்னும் 255 டாலர் இருக்கிறது. அவர் கையில் ஏஸ், ராஜா இருந்தால் 63 வாங்குவது நடக்கிற காரியம்தான். அதுவும் நீங்கள் பட்டனில், அவருக்குப் பின் பேசுகிறீர்கள். ஆகவே ஃப்ளாப் கால் பிழையில்லை.

டர்னுக்கு வாருங்கள். நடுவில் 94, அவர் 80 கட்டியதும் 174. உங்கள் வாய்ப்பு 46க்கு 9, அதாவது 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே வரும் ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு 329 டாலர் கிடைத்தால்தான் சமம். 174 இருக்கிறது, ரிவரில் இன்னும் 155 வேண்டும். நீங்கள் 80 கொடுத்த பிறகு ஆளுக்கு மிச்சம் 175தான். அதாவது மூன்றாவது இஸ்பேட் நடுவில் விழுந்த பிறகும், அவர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும், அதுவும் ஒவ்வொரு தடவையும், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும். கொடுக்க மாட்டார். மூன்று இஸ்பேட் ஒன்றாகக் கிடந்தால் எப்போதாவது ஆட வருகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். டர்னில் போட்ட அந்த 80தான் வீண். அதற்கும் துரதிர்ஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. ரிவரில் இஸ்பேட் வந்திருந்தாலும் அது தவறான கால்தான். இதில் கிளப் எடுக்கும் கழிவை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் மோசமாகும்.

கேள்வி: சதவீதத்தை மேஜையில் உட்கார்ந்து எப்படிக் கணக்கிடுவது? எனக்குக் கணக்கு வராது.
(திருச்சி வாசகி)

பதில்: இரண்டாம் வாய்ப்பாடு வருமல்லவா? போதும். உங்களுக்கு உதவும் சீட்டுகளை எண்ணுங்கள். இதை அவுட்ஸ் என்பார்கள். ஃப்ளஷ் டிராவுக்கு 9, இருபக்க ஸ்ட்ரெய்ட்டுக்கு 8, கட்ஷாட்டுக்கு 4. ஒரு சீட்டு மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 2ஆல் பெருக்குங்கள். ஃப்ளாப்பிலேயே ஒருவர் ஆல்-இன் போட்டு இரண்டு சீட்டையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 4ஆல். 9 அவுட்ஸுக்கு 18, 36 என்று வரும். சரியான விடை 19, 35. கட்ஷாட்டுக்கு 8, 16. சரியான விடை எட்டரை, பதினாறரை. மேஜைக்கு இது தாராளம். அவுட்ஸ் பன்னிரண்டு, பதினைந்து என்று ஏறும்போது மட்டும் 4ஆல் பெருக்கும் வழி கொஞ்சம் மிகைப்படுத்தும். 15 அவுட்ஸுக்கு 60 என்று காட்டும், உண்மையில் 54.

எண்ணும்போது ஒரே சீட்டை இரண்டு முறை எண்ணாதீர்கள். ஃப்ளஷ்ஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு 8, ஆக மொத்தம் 17 என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். ஸ்ட்ரெய்ட்டுக்கு வேண்டிய எட்டில் இரண்டு அதே ஜாதி. அவை ஏற்கெனவே ஒன்பதுக்குள் இருக்கின்றன. விடை 15.

கேள்வி: என் மாமா கலிஃபோர்னியாவில் பல வருடம் ஆடியவர். "ஃப்ளஷ் டிராவை ஒருபோதும் கீழே போடாதே" என்பது அவருடைய வேதம். அவர் சம்பாதித்திருக்கிறார் என்பதும் உண்மை. யார் சொல்வதைக் கேட்பது?
(சான் ஹோசே வாசகர்)

பதில்: மாமா ஆடியது லிமிட் ஆட்டமாக இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

லிமிட்டில் கட்டும் தொகை முன்பே முடிவானது. நாலுக்கு எட்டு டாலர் மேஜை என்றால் ஃப்ளாப்பில் 4, டர்னிலும் ரிவரிலும் 8. அதற்கு மேல் ஒரு பைசா கூட்டிக் கேட்க முடியாது. ஐந்து பேர் ஆளுக்கு 8 போட்டு ஃப்ளாப் பார்த்தால் நடுவில் 40. ஒருவர் 4 கட்டுகிறார். 44ஐப் பிடிக்க 4 கொடுக்கச் சொன்னால் எவன் ஃப்ளஷ் டிராவைப் போடுவான்? தேவை 8 சதவீதம், கையில் 19. மாமா சொன்னது அவருடைய மேஜைக்கு நூற்றுக்கு நூறு சரி.

நோ-லிமிட்டில் விலையை வைப்பது எதிராளி. நீங்கள் காத்திருப்பது தெரிந்தால், நீங்கள் கொடுக்கவே கூடாத விலையை அவர் கேட்கலாம். 2003க்குப் பிறகு லாஸ் வேகாஸில் நோ-லிமிட் மேஜைகள் பெருகி லிமிட் மேஜைகள் சுருங்கின. அப்போது லிமிட்டில் பழுத்த பெரியவர்கள் வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள், சீட்டு ஞாபகம் அபாரம். ஆனால் கை பழைய பழக்கத்தில் சிப்பைத் தள்ளிவிடும். அரை மணிக்கு ஒரு தடவை டீலர்கள் மேஜை மாறுவோம். நான் ஒரு சுற்று போய்த் திரும்பி வருவதற்குள் அவர்கள் முன்னால் இருந்த அடுக்கு பாதியாகியிருக்கும்.

கேள்வி: ஃப்ளாப்புக்கு முன்பே ரெய்ஸ் வருகிறது. கையில் ஒரே ஜாதியில் 7, 6. பார்க்கவே அழகாக இருக்கிறது. கால் செய்யலாமா?
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அழகுதான் ஆபத்து. ஒரே ஜாதி இரண்டு சீட்டுக்கு ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது 118 தடவைக்கு ஒரு தடவை. ஃப்ளஷ் டிரா அமைவது ஒன்பதில் ஒரு தடவை. மற்ற நேரங்களில் ஃப்ளாப்பில் உங்களுக்குப் பெரும்பாலும் ஒரு சின்ன ஜோடியோ ஒன்றுமில்லாததோதான். சின்ன ஜோடி வைத்திருந்து மூன்றாவதுக்குக் காத்திருப்பவருக்காவது எட்டரைக்கு ஒரு தடவை முழுமையான கை கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு காத்திருப்பு. அதற்கும் பணம் கட்ட வேண்டும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது சீட்டை அல்ல, சிப் அடுக்கை. ரெய்ஸ் தொகை, உங்கள் இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்த அடுக்கில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால், கடைசியில் பேசும் இடமும் இருந்தால், பாருங்கள். பத்தில் ஒரு பங்கைத் தொட்டால் போட்டுவிடுங்கள். நடுவில் இருப்பது உங்கள் சாமர்த்தியம். உங்களிடம் 500 இருந்து அவரிடம் 90 இருந்தால் அந்த ஆட்டத்தின் அளவு 90தான். இதை மறக்கிறவர்கள் நிறைய. டோர்னமென்ட்டில் அடுக்கு இருபது பெரிய பிளைண்டாகச் சுருங்கியபின் 7, 6 வைத்து ரெய்ஸுக்குக் கால் செய்வது சும்மா கொடுப்பது.

இரண்டாவது, யார் ரெய்ஸ் செய்தது? புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். முன்வரிசையிலிருந்து அபூர்வமாக ரெய்ஸ் செய்யும் கெட்டிக்காரரைக் கண்டால் ஓடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ரெய்ஸ் செய்யும் ஆளைக் கண்டால் கால் செய்கிறார்கள். டிரா கைக்கு இது பெரும்பாலும் எதிர்மாறு. கெட்டிக்காரரிடம் இரண்டு ஏஸோ இரண்டு ராஜாவோ இருக்கும். உங்கள் கை அமைந்துவிட்டால், அந்த ஜோடியைக் கீழே போட மனசு வராமல் அவர்தான் கடைசிவரை பணம் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ரெய்ஸ் செய்கிறவரிடம் பாதி நேரம் ஒன்றும் இருக்காது. உங்களுக்கு ஸ்ட்ரெய்ட் வந்ததும் அவர் "சரிப்பா" என்று போட்டுவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார். அவரை மடக்க வேறு வழி இருக்கிறது, அடுத்தடுத்த பதிலில் வருகிறேன்.

கேள்வி: 1980 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தில் ஸ்டூ அங்கர் வெறும் கட்ஷாட் வைத்துக்கொண்டு டாயில் பிரன்சனுக்குக் கால் செய்து ஜெயித்தார். உங்கள் கணக்குப்படி அவர் முட்டாள்தானே?
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: வம்புக்கு இழுக்கிறீர்கள். ஆனால் அருமையான ஆட்டம், விரிவாகவே சொல்கிறேன்.

இடம் லாஸ் வேகாஸ் டவுன்டவுனில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ. பிரன்சன் ஏற்கெனவே 1976, 1977 என்று இரண்டு தடவை பட்டம் வாங்கிய டெக்சஸ்காரர். அங்கர் நியூயார்க்கிலிருந்து வந்த ஒல்லிப் பையன், பட்டப்பெயரே 'தி கிட்'. ஜின் ரம்மியில் அவனோடு உட்கார ஆள் கிடைக்காத அளவுக்குப் பேர் வாங்கியவன். ரம்மி ஆடும் நம்மவர்களுக்கு அந்த மூளை எப்படி வேலை செய்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். கீழே விழுந்த ஒவ்வொரு சீட்டும் தலைக்குள் இருக்கும்.

கடைசிக் கையில் அங்கரிடம் இஸ்பேட் 5, இஸ்பேட் 4. பிரன்சனிடம் ஆர்ட்டின் ஏஸ், இஸ்பேட் 7. ஃப்ளாப்பில் இஸ்பேட் ஏஸ், டைமன் 7, கிளாவர் 2. பிரன்சனுக்கு இரண்டு ஜோடி, அதுவும் மேல் இரண்டு. அங்கருக்கு ஏஸ், 2, 4, 5 இருக்கிறது, நடுவில் ஒரு 3 வேண்டும். பார்க்காத 47 சீட்டில் 4. எட்டரை சதவீதம். பிரன்சன் பணம் கட்டினார், அங்கர் கால் செய்தார். டர்னில் விழுந்தது ஆர்ட்டின் 3. அங்கர் பணம் கட்டினார், பிரன்சன் மொத்தத்தையும் தள்ளினார், அங்கர் உடனே கால். ரிவரில் டைமன் 2. பிரன்சனுக்கு ஸ்ட்ரெய்ட்டை வெல்லும் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) அமைய இன்னொரு ஏஸோ 7ஓ வேண்டியிருந்தது, வரவில்லை.

நடுவில் கிடந்த பணத்தை மட்டும் பார்த்தால் அந்த ஃப்ளாப் கால் கட்டுப்படியாகாது. வராத பத்தே முக்கால் தடவைக்கு வருவது ஒரு தடவை. ஆனால் இருவரிடமும் பின்னால் மலைபோல சிப் இருந்தது. பிரன்சன் ஃப்ளாப்பில் கேட்ட விலை, பின்னால் கிடந்த அந்தப் பணத்தோடு ஒப்பிட்டால் சின்னது. அப்புறம் முக்கியமான விஷயம், அந்த 3 யார் கண்ணையும் உறுத்தாத சீட்டு. ஏஸ், 7, 2, 3 என்று நான்கு ஜாதியிலும் சிதறிக் கிடக்கும் மேஜையைப் பார்த்து, எதிராளி கையில் 5, 4 இருக்கிறது என்று நினைக்க யாருக்குத் தோன்றும்? இரண்டு ஜோடி வைத்திருந்த பிரன்சன் எல்லாவற்றையும் தள்ளினார். நாமாக இருந்தாலும் தள்ளியிருப்போம்.

டொராண்டோ வாசகரின் ஃப்ளஷ்ஷை இதோடு வைத்துப் பாருங்கள். அவருக்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல், ஆனால் மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் எதிராளி உஷாராகிவிடுவார். அங்கருக்கு வாய்ப்பு பாதிகூட இல்லை, ஆனால் வந்தால் அத்தனையும் கிடைக்கும். அதனால் நான் எப்போதும் கேட்பது, வருமா என்பதைவிட வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்றுதான்.

அதற்காக நாளைக்கே கட்ஷாட் வைத்து எல்லா ரெய்ஸுக்கும் கால் செய்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். அடுக்கு அவ்வளவு ஆழமாக இருக்கும் மேஜை நமக்குக் கிடைப்பது அபூர்வம். 100 பெரிய பிளைண்டோடு உட்காரும் சாதாரண ஆட்டத்தில் ரெய்ஸ் வந்தபின் கட்ஷாட் மட்டும் இருந்தால் நான் போட்டுவிடுவேன். அங்கர் 1981லும் பட்டம் வாங்கினார், 1997ல் மூன்றாவது முறையும் வாங்கினார். அப்படிப்பட்டவர் செய்தார் என்பதற்காக நாமும் செய்ய முடியாது.

கேள்வி: டிரா மட்டும் வைத்துக்கொண்டு திருப்பி ரெய்ஸ் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கால் செய்வதே தப்பு என்றால் அது இன்னும் பெரிய தப்பு இல்லையா?
(மதுரை வாசகர்)

பதில்: இல்லை. பல நேரம் அதுதான் சரி. கால் செய்தால் ஜெயிக்க ஒரே வழி, சீட்டு வர வேண்டும். ரெய்ஸ் செய்தால் இரண்டு வழி: அவர் அங்கேயே போட்டுவிடலாம், இல்லையென்றால் சீட்டு வரலாம். இதற்குச் செமி பிளஃப் என்று பெயர் வைத்தவர் போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். டர்னில் நடுவில் 100 டாலர். உங்களிடம் மிச்சம் இருப்பதும் 100, அதைத் தள்ளுகிறீர்கள். கையில் சுத்தமாக ஒன்றும் இல்லையென்றால், அவர் இரண்டில் ஒரு தடவை போட்டால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. ஃப்ளஷ் டிரா இருந்தால்? அவர் கால் செய்தாலும் ஐந்தில் ஒரு தடவை நீங்கள் ஜெயிக்கிறீர்கள். அதனால் பத்தில் மூன்று தடவை அவர் போட்டாலே போதும். கோவை வாசகருக்குச் சொன்னேனே, எல்லாவற்றுக்கும் ரெய்ஸ் செய்யும் ஆள், அவரை மடக்கும் வழி இதுதான். அவரிடம் பாதி நேரம் ஒன்றுமில்லை, பத்தில் மூன்று தடவைக்கு மேலேயே போடுவார்.

2003 உலகத் தொடர் இறுதியில் கிரிஸ் மனிமேக்கர் செய்ததைப் பாருங்கள். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், இன்டர்நெட்டில் சின்னத் தொகை கட்டித் தகுதி பெற்று வந்தவர். எதிரே தேர்ந்த ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா. மனிமேக்கரிடம் இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் 7. டர்ன் வரை நடுவில் இஸ்பேட் 9, டைமன் 2, இஸ்பேட் 6, இஸ்பேட் 8. ஒரே சமயத்தில் ஃப்ளஷ் டிரா, 6, 7, 8, 9 என்று இருபக்க ஸ்ட்ரெய்ட் டிரா. ஃபார்ஹாவிடம் 9 ஜோடி, அப்போது முன்னால் இருந்தவர் அவர்தான். அவர் பணம் கட்ட, மனிமேக்கர் ரெய்ஸ் செய்தார். ஃபார்ஹா கால். ரிவரில் 3 வந்தது, இரண்டு டிராவும் போச்சு. மனிமேக்கர் மொத்தத்தையும் தள்ளினார். ஃபார்ஹா நீண்ட நேரம் யோசித்துவிட்டு 9 ஜோடியைக் கீழே போட்டார். எல்லோரும் அந்த ரிவர் பொய்யைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது டர்ன் ரெய்ஸ். அங்கே அவர் வெறுமனே கால் செய்திருந்தால் ரிவரில் அந்தப் பொய்யை யார் நம்பியிருப்பார்கள்? வெளியில் ஒரு பலத்த கையின் கதையை டர்னிலேயே ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு எச்சரிக்கை. போடவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இது செல்லாது. ஒரு ஏஸைப் பார்த்துவிட்டால் வீட்டை விற்றாவது கால் செய்கிறவர்கள் உண்டு. அடுத்து, அவரிடம் மிச்சம் இருப்பது ரொம்பக் குறைவு என்றாலும் செல்லாது. நடுவில் 200 கிடக்க, பாக்கி 40 டாலருக்காக யாரும் கையைப் போட மாட்டார்கள்.

கேள்வி: ஆர்ட்டின் 7, 5 வைத்து ஃப்ளஷ் அமைத்தேன். எதிராளி ஆர்ட்டின் ஏஸைக் காட்டினார். மொத்தமும் போச்சு. இதற்கென்ன கணக்கு?
(கொழும்பு வாசகர்)

பதில்: வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு மறுபக்கம் இது: வந்தும் எவ்வளவு போகும். ஒருவரோடு மட்டும் மோதும்போது சின்ன ஃப்ளஷ் பயப்பட வேண்டியதில்லை. நான்கைந்து பேர் உள்ளே இருந்து, ஒருவர் ரெய்ஸ் செய்து இன்னொருவரும் கால் செய்தால், அதே ஜாதிக்குக் காத்திருக்கும் வேறொருவர் அங்கே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் உங்கள் 9 அவுட்ஸ் ஏழாகிறது, அந்த ஏழும் உங்களுக்குக் கெடுதல். பலர் உள்ளே இருக்கும் ஆட்டத்தில் ஏஸ் உள்ள டிராவுக்கு மட்டும் தாராளமாகப் பணம் கட்டுங்கள். நடுவில் ஒரு ஜோடி விழுந்துவிட்டாலும் ஜாக்கிரதை, ஃபுல் ஹவுஸ் எங்கேயோ உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: ஃப்ளாப்பிலேயே எதிராளி ஆல்-இன் போட்டுவிட்டால்?
(பாரிஸ் வாசகி)

பதில்: சுலபமான கேள்வி, ஏனென்றால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. இனி யாரும் பணம் கட்டப்போவதில்லை, ஆகவே எதிர்காலத்தில் கிடைக்கும் என்ற கற்பனைக்கு இடமில்லை. இரண்டு சீட்டும் இலவசம். இங்கே அந்த 35 சதவீதத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நடுவில் 100 இருந்து அவர் 100 தள்ளினால் தேவை 33. வெறும் ஃப்ளஷ் டிராவுக்கே அரைகுறையாகக் கட்டுப்படியாகும். அவர் 200 தள்ளினால் தேவை 40, கட்டுப்படியாகாது.

கையில் ஆர்ட்டின் ஜாக்கி, 10. ஃப்ளாப்பில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 2 என்றால் உங்களுக்கு 15 அவுட்ஸ். எதிரே இரண்டு கறுப்பு ஏஸ் இருந்தாலும் பாதிக்கு மேல் ஜெயிப்பது நீங்கள்தான். தயங்காமல் உள்ளே போங்கள். அவரிடம் மூன்று 9 இருந்தால் மட்டும் நிலைமை பாதிக்குக் கீழே இறங்கும், ஏனென்றால் நடுவில் ஏதாவது ஜோடியானால் அவர் கை ஃபுல் ஹவுஸ் ஆகிவிடும். அதற்குப் பயந்து போட்டுவிட முடியாது.

கேள்வி: இதையெல்லாம் போனில் கொஞ்சம் பணம் கட்டி ஆடிப் பழகலாமா?
(சென்னை வாசகர்)

பதில்: வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தனிச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், பழகுவதற்குப் பணம் தேவையில்லை. நான் சொல்லும் பயிற்சிக்கு ஒரு சீட்டுக்கட்டும் ஒரு நோட்டும் போதும். இஸ்பேட் 8, 7ஐக் கையில் வையுங்கள். இஸ்பேட் ராஜா, டைமன் 9, இஸ்பேட் 2ஐ நடுவில் வையுங்கள். மீதி 47ஐக் கலைத்து ஒன்று திறந்து, இஸ்பேட்டா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கலையுங்கள். ஐந்தில் ஒன்று என்பது எவ்வளவு அபூர்வம் என்று ஒரு மாலையில் கைக்குத் தெரிந்துவிடும். இலவச சிப் கொடுக்கும் ஆப்களில் கால் கணக்கைப் பழகலாம், செமி பிளஃப் மட்டும் பழக முடியாது. நஷ்டமில்லாத இடத்தில் யாரும் கையைக் கீழே போடுவதில்லை.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தச் சீட்டு வந்தது என்று மூன்று பக்கம் எழுதுகிறீர்கள், இரண்டு பேரிடமும் எவ்வளவு சிப் இருந்தது என்று எழுதுவதில்லை. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அது இல்லாத கடிதங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.